இரவு இரண்டு மணிக் கணக்கு

ஒன்று ஐம்பதுக்கு அலாரம் வைத்துவிட்டுத்தான் படுப்பேன். செல்போன் தலையணைக்கு அடியில் இருக்கும், அதிர்வில் மட்டும். அடுத்த கட்டிலில் அப்பா. அவர் எழுந்துவிடாதபடி ஃபேன் சத்தத்துக்குள் நடந்துபோய் முன்னறையில் கம்ப்யூட்டரைப் போடுவேன். விண்டோஸ் எக்ஸ்பி எழுந்து வருவதற்குள் இரண்டு மணி ஆகியிருக்கும். மோடத்தில் விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்து, டோரன்ட்டைத் தொடங்கிவிட்டு, மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு வந்து படுப்பேன். 2008 முதல் 2012 வரை, நாகர்கோவிலில் பொறியியல் படித்த நான்கு வருடமும் என் இரவு இப்படித்தான் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

எங்கள் வீட்டு இணைப்பின் வேகம் 256 கேபிபிஎஸ். நொடிக்கு 32 கிலோபைட் என்பது காகிதக் கணக்கு. 30 வந்தால் நல்ல நாள். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு, தாண்டினால் பில் எகிறும். ஆனால் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் அந்த அளவில் சேராது. ஆறு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 640 எம்பி. நான் இறக்கியது அனிமே, ஜப்பானிய அனிமேஷன். அந்தக் காலத்து எபிசோடு ஒன்று 175 எம்பி இருக்கும். ஏன் 175 என்றால், 700 எம்பி சிடியில் சரியாக நான்கு அடங்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் தரம் வேண்டுமென்றால் 233, அப்போது சிடிக்கு மூன்று. ஆக ஒரு இரவுக்கு மூன்று எபிசோடு, நான்காவதில் பாதிக்கு மேல். ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்டின் முதல் தொடருக்கு 51 எபிசோடு. இரவுக்கு மூன்று என்றே வைத்தால் பதினேழு இரவு. அந்தக் கணக்கை லேப் ரெக்கார்டு நோட்டின் பின்னட்டையில் போட்டு வைத்திருந்தேன்.

அந்தத் தொடரின்மேல் எனக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது. 2004-இல் அனிமேக்ஸ் சேனல் இந்தியாவுக்கு வந்தது. எங்கள் தெருக் கேபிளில் சில மாதங்கள் தெரிந்தது, பிறகு ஒரு நாள் அந்த எண்ணில் பக்திச் சேனல் வந்தது. எட்வர்டும் அல்போன்சும் இழந்த உடலைத் தேடிப் புறப்பட்ட இடத்திலேயே எனக்குக் கதை நின்றுபோனது. நாலு வருடம் அந்தச் சகோதரர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாமலே பத்தாம் வகுப்பும் பன்னிரண்டும் எழுதினேன். கேபிள்காரரிடம் கேட்டதற்கு, பொம்மைப் படம் பார்க்கிற வயதா என்றார். அந்தக் கேள்வியைப் பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். இத்தனைக்கும் எங்கள் வயதுக்காரர்கள் எல்லாருமே தூர்தர்ஷனில் மௌக்ளியைப் பார்த்து வளர்ந்தவர்கள். இந்தி புரியாமல், ஓநாய்களை மட்டும் புரிந்துகொண்டு பார்த்தோம். அது 1989-இல் ஜப்பானில் நிப்பான் அனிமேஷன் எடுத்த தொடர் என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பார்த்தவை பெரும்பாலும் ரசிகர்கள் ஆங்கில சப்டைட்டில் போட்டு இணையத்தில் விட்ட கோப்புகள். அதை வரைந்தவர்களுக்கு என்னால் ஒரு ரூபாய் போகவில்லை. காசு கொடுத்து வாங்க எங்கள் ஊரில் எந்தக் கடையும் இல்லை என்பது உண்மை. ஆனாலும் இரவு பகலாக உட்கார்ந்து வரைந்த ஒருவருடைய உழைப்பை நான் சும்மா எடுத்துக்கொண்டேன் என்பதும் உண்மை. அப்போதே அது உறுத்தியது. சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு, அதே படங்களை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

டோரன்ட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பிரவுசரில் நேராக இறக்கினால், பாதியில் கரண்டு போனால் எல்லாம் போனது. டோரன்ட்டில் கோப்பு நூற்றுக்கணக்கான துண்டுகளாக வரும், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை உண்டு. கரண்டு போய்த் திரும்பி வந்ததும் மென்பொருள் ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கைரேகையை ஒத்துப்பார்த்து, கெட்டதை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும். கரண்டு போகிற ஊருக்கென்றே யாரோ யோசித்துச் செய்த மாதிரி எனக்குத் தோன்றும். அப்பாவிடம் இதை விளக்கியபோது அவருக்கு உடனே புரிந்தது. "பழைய செட்டுல ஒவ்வொரு ஸ்டேஜா செக் பண்ணிட்டு வருவோம்லா, அது மாதிரி" என்றார்.

அப்பா ரேடியோ, டிவி மெக்கானிக். வடசேரியில் சந்தைக்குப் போகிற வழியில் ஒற்றைக் கதவுக் கடை. டயனோரா, சாலிடெய்ர் காலத்தில் தொழில் பழகியவர். பின்பக்கம் திறந்த டிவிக்குள் கையை விடும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே போனால் ஷாக் நெஞ்சு வழியாகப் பாயும் என்பார். பழுதுக்கு வரும் ஒவ்வொரு செட்டிலும் ஒரு அட்டையைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவார். பெயர், தேதி, குறை, அட்வான்ஸ். நாலு வரி. அவருடைய எழுத்து அச்சுப்போல இருக்கும்.

என் கம்ப்யூட்டர் மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் வாங்கியது. பென்டியம் 4, 512 எம்பி ராம், 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். இரண்டாம் வருடத்தில் அது தானாக அணைந்து அணைந்து எழத் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு மணிக்கு ஒரு தடவை. வைரஸ் என்றான் நண்பன். இரண்டு முறை ஃபார்மட் செய்தேன். ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். சர்வீஸ் கடையில் மதர்போர்டை மாற்றச் சொன்னார்கள். அந்தக் காசுக்கு வழியில்லை. மூன்று வாரம் கம்ப்யூட்டர் இல்லாமல் இருந்தேன். இரவு இரண்டு மணிக்கு மட்டும் தானாக விழிப்பு வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் வைத்து அப்பா கேபினட்டைத் திறக்கச் சொன்னார். டார்ச் அடித்து ஒரு நிமிடம்தான் பார்த்திருப்பார். பிராசசருக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற கப்பாசிட்டர்களைக் காட்டினார். தலை தட்டையாக இருக்க வேண்டியவை பணியாரம்போல உப்பியிருந்தன. இரண்டில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

"மொத்தம் ஆறு. வெந்துபோச்சு மக்கா. கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்ல, சாப்பாடு போகல, அவ்வளவுதான்."

அந்த வருடங்களில் வந்த பல மதர்போர்டுகளுக்கு இதே நோய் என்று பின்னால் படித்தேன். மட்டமான எலெக்ட்ரோலைட் நிரப்பிய கப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவி, இரண்டு மூன்று வருடத்தில் உப்பி வெடித்தன. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் விரல்கள்தான். டிவி போர்டைப்போல மதர்போர்டு சுலபத்தில் ஈயத்தை விடாது. அடுக்கடுக்காகச் செம்பு ஓடுவதால் சூட்டை அது குடித்துவிடும். வழக்கமான 25 வாட் சால்டரிங் அயர்ன் தோற்றது. 60 வாட்டை எடுத்தார். செத்துப்போன போர்டுகளைப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கி, அதிலிருந்து நல்ல கப்பாசிட்டர்களாகக் கழற்றி வைத்திருந்தார். மைக்ரோஃபாரட் ஒத்துப்போகணும், வோல்ட் கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஆறையும் மாற்றினார். நடுவில் ஒருமுறை கரண்டு போனது. அயர்ன் ஆறிப்போய், ஒரு கால் பாதி கழன்ற நிலையில் போர்டு மடியில் கிடக்க, அப்பா அசையாமல் ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். எழுந்தால் துளை கிழிந்துவிடும் என்று அம்மா கொண்டுவந்த சாயாவை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

சாயந்திரம் எக்ஸ்பியின் அந்தத் தொடக்க இசை வந்தபோது அப்பா கடையை அடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடையில் மட்டும் ஒரு வேகம் தெரிந்தது.

கேமரா குவைத்திலிருந்து வந்தது. 2009-இல் சித்தப்பா லீவுக்கு வந்தபோது கொடுத்தது, கேனன் பவர்ஷாட் ஏ590. 8 மெகாபிக்சல், இரண்டு பென்சில் பேட்டரி. அதன்மேல் எனக்கு வந்த பித்து முப்பந்தலில் தொடங்கியது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் ஆடிக் காற்று நுழையும்போது பஸ் ஜன்னலைப் பிடித்தாலும் மூட முடியாது. இரண்டு பக்க மலையும் காற்றை நெருக்கித் தள்ளுகிற இடம் அது. அதனால்தான் அங்கே காற்றாலைக் காத்தாடிகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. மியாசகியின் நௌசிகா படத்தில் காற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்த மறுநாள் நான் அதே வழியில் பஸ்ஸில் போனேன். பிறந்ததிலிருந்து பார்த்த காத்தாடிகளை அன்றைக்குத்தான் பார்த்தேன். 1984-இல் ஜப்பானில் ஒருவர் வரைந்த படம் எனக்கு என் ஊரைக் காட்டியது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அதுவரை ஊர் என்றால் எனக்கு ஒரு நாள் விட்டுப் போக வேண்டிய இடம்.

ஆனால் காத்தாடியைப் படம் எடுப்பது லேசில்லை. வெயிலில் எடுத்தால் ஷட்டர் நொடியில் முந்நூறில் ஒரு பங்குக்குள் மூடிக்கொள்ளும், இறக்கை உறைந்து நின்றுவிடும். ஓடுகிற காத்தாடியும் பழுதாகி நிற்கிற காத்தாடியும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். சுற்றுவது தெரிய வேண்டுமென்றால் ஷட்டர் மெதுவாக மூட வேண்டும், அதற்கு வெளிச்சம் குறைய வேண்டும். சூரியன் இறங்கி இருபது நிமிடம் கழித்து, கேமராவை மைல்கல்லின்மேல் வைத்து, சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டை மடித்து அதற்குக் கீழே அண்டைகொடுத்து, டைமரில் எடுத்தேன். காற்றில் மைல்கல்லின்மேல் இருந்த கேமராவே நடுங்கியது. நாற்பது படத்தில் ஒன்று தேறியது. இறக்கைகள் பால்போலக் கரைந்து, கோபுரம் மட்டும் ஊசியாக நின்றது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, தோவாளைக்குப் பூ ஏற்றப் போன வண்டியில் வந்து சேர்ந்தேன்.

கம்ப்யூட்டரும் கேமராவும் ஒன்றாகச் சேர்ந்த இடம் சிஎச்டிகே. கேனனின் சின்னக் கேமராக்களுக்காக ஆர்வலர்கள் எழுதி இலவசமாக விட்ட மென்பொருள் அது. கேமராவுக்குள் எதையும் மாற்றாது. எஸ்டி கார்டில் இருந்துகொண்டு, அதன் ஓரத்திலுள்ள பூட்டை லாக்கில் தள்ளிவைத்துக் கேமராவைப் போட்டால் தானாக ஏறிக்கொள்ளும். அதன்பிறகு அந்தச் சின்னக் கேமரா ரா கோப்பு எடுக்கும், நாம் எழுதிக்கொடுத்த ஸ்கிரிப்டை ஓட்டும், திரையில் அசைவு தெரிந்த கணத்தில் தானே அமுக்கிக்கொள்ளும். மின்னலைப் பிடிக்கலாம். ஐப்பசி மாதம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கேமராவை வைத்துவிட்டுக் குடைபிடித்து நின்றிருக்கிறேன். வகுப்பில் எழுதிய எந்த நிரலும் எனக்கு இத்தனை பொருளுள்ளதாகத் தெரியவில்லை. நான் எழுதிய பத்து வரி, மலைக்குமேல் இறங்கிய மின்னலைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

2010 ஜனவரி 15. தை அமாவாசை. அன்றைக்குக் கங்கண சூரிய கிரகணம், எங்கள் ஊர் நேராக அதன் பாதையில். மதியம் ஒன்றேகால் மணியை ஒட்டி சூரியன் நடுவில் இருண்டு வளையமாக நிற்கும். லேத் பட்டறையில் வெல்டிங் கண்ணாடி இரண்டு இரவல் வாங்கி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து லென்சுக்கு முன்னால் டேப் ஒட்டி வைத்திருந்தேன். பேட்டரியை முந்தின இரவே சார்ஜில் போட்டிருந்தேன். இரவில் கரண்டு போனதையும், வந்தபோது பிளக் லூசாகிக் கிடந்ததையும் கவனிக்கவில்லை. ஒரு மணிக்குக் கேமரா அணைந்துவிட்டது.

தெருவில் ஒருத்தர் இல்லை. கிரகணம் முடியும்வரை வெளியே வரக்கூடாது என்று எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. வெயில் ஒரு மாதிரி நைந்துபோய், நிழல்கள் கத்தியால் வெட்டியதுபோலக் கிடந்தன. நான் முற்றத்தில் நின்று அழுகிற நிலையில் இருந்தேன். அம்மாதான் உள்ளேயிருந்து சுவர்க் கடிகாரங்கள் இரண்டையும் கழற்றி, பேட்டரியை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். கிரகணத்தில் வெளியே வரமாட்டேன் என்று காலையில் சொன்னவள்.

கடிகாரப் பேட்டரிக்குக் கேமராவைத் தாங்கும் தெம்பு இல்லை. நாலைந்து படத்துக்குமேல் வராது என்று தெரியும். இரண்டு படம் வானத்தை எடுத்தேன், கண்ணாடியின் பச்சையில் மங்கலாக ஒரு வளையம். அப்போது அம்மா, "மக்களே, கீழ பாரு" என்றாள். முருங்கை மரத்தின் நிழலில், துவைக்கிற கல்லின்மேல், நூறு நூறு வளையங்கள். இலைகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு சின்ன இடைவெளியும் ஓர் ஊசித்துளைக் கேமராவாகி, ஒவ்வொன்றும் ஒரு சூரியனைக் கல்லில் இறக்கியிருந்தது. காற்று அசைய வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிரிந்தன. அம்மா கையை நீட்டினாள். உள்ளங்கையில் ஏழெட்டு வளையம் விழுந்தது. வெல்டிங் கண்ணாடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு அதை எடுத்தேன். அதோடு கேமரா அணைந்தது.

மூன்றாம் வருடத்தில் மகோதோ ஷின்காயின் ஹோஷி நோ கோஎ என்ற 25 நிமிடப் படத்தைப் பார்த்தேன். 2002-இல் வெளியானது. ஒரு விளையாட்டு மென்பொருள் கம்பெனியில் இருந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்த ஒரு பவர் மேக் ஜி4-இல் ஏறக்குறையத் தனி ஆளாக அவர் செய்த படம். இசை டென்மோன். முதல் பிரதிக்குக் குரல் கொடுத்தவர்கள் அவரும் அவர் மணக்கவிருந்த பெண்ணும். கதை எளிது. பதினைந்து வயது மிகாகோ விண்கலத்தில் போகிறாள், வகுப்புத் தோழன் நொபொரு ஊரில் இருக்கிறான். செல்போனில் செய்தி அனுப்புகிறாள். கலம் தள்ளிப் போகப்போக செய்தி வந்துசேர நாளாகிறது, பிறகு மாதம், சிரியஸ் நட்சத்திரத்துக்குப் போனபின் எட்டு வருடத்துக்கு மேல். 30 கிலோபைட்டில் அந்தப் படத்தை இறக்கக் காத்திருந்த எனக்கு, செய்தி வரக் காத்திருக்கிறவனின் நெஞ்சு நன்றாகவே புரிந்தது. அதைவிடப் பெரிதாக என்னை உலுக்கியது அதில் வந்த வானம். மின்கம்பங்கள், கம்பிகள், ரயில்வே கேட், மழைக்குப் பிந்திய மேகத்தின் அடிவிளிம்பு. நம் தெருவிலும் இருக்கிறவைதானே? அவற்றை ஒருவன் இத்தனை பிரியமாகப் பார்த்திருக்கிறான்.

இதை அப்பாவும் அம்மாவும் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஆங்கிலச் சப்டைட்டில் அவர்களுக்கு ஆகாது. ஏஜிசப் மென்பொருளைப் போட்டுத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். முதல் இடறல் கதாநாயகனின் பெயரிலேயே. நொபொரு என்று அடித்தால் திரையில் கொம்புகள் எழுத்தைவிட்டுத் தனியே கழன்று, நடுவில் புள்ளி வட்டம் முளைத்து நின்றது. ஒரு பெயரில் இரண்டு ஒகரம், இரண்டும் உடைந்தன. எக்ஸ்பியில் தமிழ் எழுத்துகள் சேர வேண்டுமென்றால் மொழி அமைப்புக்குள் போய் ஒரு கட்டத்தை டிக் செய்து, விண்டோஸ் சிடியைப் போட்டுச் சில கோப்புகளை ஏற்ற வேண்டும். என்னிடம் சிடி இல்லை. நாலு நாள் அலைந்து வாங்கிப் போட்டேன். லதா எழுத்துருவில் நொபொரு முழுசாக எழுந்து நின்றபோது நான் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

இரண்டாவது இடறல் பெரிது. மிகாகோ அவனை நீ என்பாளா, டா போடுவாளா? ஆங்கிலத்தில் அந்தக் கேள்வியே எழாது. நீங்க என்று எழுதிப் பார்த்தேன், கல்யாணமான பெண்போல இருந்தது. டா போட்டால் எங்கள் கல்லூரிக் கேன்டீன் வந்துவிட்டது. கடைசியில் நீ என்று வைத்தேன். ஆனால் நீ என்ற சொல்லையும் முடிந்த இடத்திலெல்லாம் எடுத்துவிட்டேன். வினைமுற்றிலேயே அவன் இருக்கிறானே. அதிகம் சொல்லாத பெண், குறைவாகச் சொன்னால்தான் அவள் குரல் வந்தது. வரிக்கு வரி நிறுத்தி, வரி திரையில் நிற்கும் நேரத்துக்குள் அம்மாவால் படித்துமுடிக்க முடியுமா என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்து, இருபத்தைந்து நிமிடத்துக்கு இரண்டு மாதம் ஆனது.

2012 பிப்ரவரி. மின்வெட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பகுதியில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் போகும், இரவிலும். காற்று அடிக்கிற மாதங்களில் காத்தாடிகள் ஓடிக் கொஞ்சம் மூச்சுவிடலாம். ஐப்பசிக்குப் பிறகு அதுவும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் மலைப்பக்கம் காத்தாடி நிற்கிற ஊரில், அப்பா வாடிக்கையாளரிடம் நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று சொல்லிச் சொல்லிக் குரல் தேய்ந்துபோனார். அயர்ன் சூடாகாமல் அவருக்கு வேலை இல்லை. என் இரண்டு மணிக் கணக்கும் செத்துப்போனது. போதாததற்கு அனிமே குழுக்கள் எல்லாம் 10 பிட் கோப்புக்கு மாறியிருந்தன. என் பென்டியம் 4-க்கு அதை விரித்துக் காட்டத் திராணி இல்லை. குரல் முன்னால் ஓடும், படம் பின்னால் தவழும், சில நேரம் பச்சைக் கட்டமாகச் சிதறும். புதிய கோடெக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக் கையை விரித்துவிட்டேன்.

அந்த மாதத்தில் ஒரு இரவு எட்டு மணிக்குக் கரண்டு வந்தது. ஒன்பதுக்குப் போகும். அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் பதினைந்து இன்ச் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தோம். அம்மா சப்டைட்டிலை முணுமுணுத்துக்கொண்டே பார்த்தாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்.

"இத ஒரு ஆளா ஒத்தைக்கு செஞ்சான்?"

"ஆமாப்பா. பாட்டு மட்டும் வேற ஆளு."

"அவனுக்க மெஷினு என்ன?"

சொன்னேன். நம்முடைய பென்டியம் 4-க்கும் முந்தினது என்றேன். அப்பா கேபினட்டைக் கையால் ஒருமுறை தட்டினார். கரண்டு போனது.

மொட்டை மாடிக்குப் போனோம். ஊர் முழுக்க இருட்டு. கரண்டு இருக்கிற நாளில் எங்கள் மாடியிலிருந்து பத்து நட்சத்திரம் தெரிந்தால் அதிகம். அன்றைக்கு வானம் நிரம்பி வழிந்தது. தெற்கே, உச்சிக்குச் சற்றுக் கீழே, எல்லாவற்றையும்விடப் பளீரென்று ஒன்று. ஓரியனின் இடுப்புப் பட்டையிலிருந்து கோடு இழுத்து அதைக் காட்டினேன். "மிகாகோ போனது அங்கதான். அந்த வெளிச்சம் இங்க வர எட்டரை வருசம் ஆகும்."

அப்பா விரல் விட்டார். "அப்பம் இது கிளம்பும்போ நீ எட்டாங் கிளாசு" என்றார். பிறகு, "அப்பவும் கரண்டு போச்சு. இவ்வளவு இல்ல" என்றார். கேமராவைத் தொட்டிச் சுவரில் சாய்த்து, பதினைந்து நொடி திறந்துவைத்து எடுத்தேன். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் மூச்சில் படம் ஆடிவிடும் என்பதுபோல.

ஏப்ரலில் ஹார்ட் டிஸ்க் போனது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ சோர்ந்திருந்தது. கரண்டு போனால் ஒரு கீச்சுச் சத்தம், உடனே எல்லாம் அணையும். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. ஒரு நாள் திரும்பிப் போட்டபோது உள்ளேயிருந்து டிக், டிக் என்று வந்தது. பயாசில் டிஸ்க் என்று ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். காத்தாடி, மின்னல், கிரகணம், சிரியஸ். சிடியில் எழுதிவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாதமும் நினைத்தது. இரண்டு மாதம் இழைத்த தமிழ்ச் சப்டைட்டிலும் அதில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை.

கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அப்பா பவர் கொடுத்து, ஸ்குரூ டிரைவரின் நுனியை டிஸ்க்கின் மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். மோட்டார் பேரிங்கைக் கேட்கிற விதம். வெகுநேரம் கேட்டார். உள்ளே தகடு சுற்றுகிறது, ஊசி இடம் தெரியாமல் அலைந்து திரும்புகிறது என்றார். மூடியின் திருகுகளைப் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார்.

"தூசி போனா தீந்துச்சு. இது எனக்க கைக்கு அடங்காது மக்கா."

அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். சென்னையில் டேட்டா எடுத்துக்கொடுக்கிற ஓரிடத்தில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகை கடையின் இரண்டு மாத வருமானம். அதுவும் வரும் என்று உறுதி சொல்லவில்லை. அப்பா பணம் புரட்டுகிறேன் என்றார். வேண்டாம்ப்பா என்றேன். அன்றிரவு சாப்பிடாமல் படுத்தேன். ஒன்று ஐம்பதுக்கு விழித்துக்கொண்டு கிடந்தேன்.

மிஞ்சியது ஒரே ஒரு படம். துவைக்கிற கல்லில் வளையங்கள், ஓரத்தில் அம்மாவின் கை. கிரகணம் முடிந்த வாரத்திலேயே அம்மா கேட்டாள் என்று ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டுக் கொடுத்திருந்தேன். அடுக்களைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, கொஞ்சம் மஞ்சளடித்து. அதை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், நாலு இடத்தில்.

நான் வேலைக்கென்று சென்னை வந்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அனிமே படங்கள் தமிழ்க் குரலிலேயே தியேட்டருக்கு வருகின்றன. 2025-இல் டீமன் ஸ்லேயர் தமிழில் வந்தபோது, முன்வரிசையில் ஒரு பையன் தன் அம்மாவுக்குக் கதையை முன்கூட்டிச் சொல்லிக்கொண்டே பார்த்தான். எனக்கு அவன்மேல் சொல்ல முடியாத பிரியம் வந்தது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா இன்னும் கடை திறக்கிறார். பெட்டி டிவிகள் வருவதில்லை. எல்இடி டிவியின் பின்விளக்குப் பட்டையை மாற்றுவது, மிக்சி, ஸ்பீக்கர் என்று ஓடுகிறது. ஃபியூஸ் ஒயர் தேடி மேல்தட்டு டிராயரை இழுத்தேன். அங்கே அது இருந்தது. பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, கம்பியில் அட்டை கட்டி.

பெயர்: மகன். தேதி: 19.4.2012. குறை: டிக் டிக் சத்தம், உள்ளே படம் உண்டு. அட்வான்ஸ்: இல்லை.

அப்பா முன்னால் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ரப்பர் பேண்டைக் கழற்றிக் கவரைப் பிரித்தேன். ஈரம் ஏறாமலிருக்க உள்ளே போட்டிருந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் புதியது.